பாதிக் குறள், பழைய குறள், ஐந்தரை மணிக் குறள்: கணினிக் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஐந்து ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன: இணையப்பக்கத்தைத் திறக்கும்போது ஒரு பட்டியலிலிருந்து ஏதேனும் ஒன்று தானாகத் தேர்ந்து தோன்றச் செய்வது. ஐந்து பேரும் இணையப்பக்கங்களைச் சர்வரில் உருவாக்கும் பி.எச்.பி. மொழியையே பயன்படுத்துவதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியின் இணையப்பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் வெவ்வேறு திருக்குறள் தோன்றவேண்டும் என்பதற்காக, 1330 குறள்களையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் தட்டச்சு செய்து வைத்து, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான்கு வரி பி.எச்.பி. எழுதினேன். ஆனால் முதலடி மட்டும் வருகிறது, அல்லது இரண்டாமடி மட்டும் வருகிறது. ஏறத்தாழ மூன்று முறைக்கு ஒரு முறை ஒன்றுமே வராமல் இடம் வெறுமையாக நிற்கிறது. தவறு எங்கே? (தமிழாசிரியை, காரைக்குடி)

பதில்: ‘மூன்று முறைக்கு ஒரு முறை’ என்று நீங்கள் கணக்காக எழுதியதே காரணத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. கோப்பைப் படிக்க நீங்கள் ‘ஃபைல்’ என்ற கட்டளையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அதற்குக் குறள் தெரியாது. வரி மட்டுமே தெரியும். எங்கெல்லாம் நீங்கள் என்டர் தட்டினீர்களோ அங்கெல்லாம் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனி உருப்படியாக அடுக்கிக்கொள்ளும். குறளுக்கு இரண்டு அடி, குறள்களுக்கு இடையே ஒரு வெற்று வரி என்று தட்டச்சு செய்திருந்தால், பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு முதலடி, ஒரு பங்கு இரண்டாமடி, ஒரு பங்கு வெறுமை. குலுக்கல் சரியாகத்தான் நடக்கிறது. குலுக்கப்படும் சீட்டுகள்தாம் கிழிந்திருக்கின்றன.

ஒரு குறளை ஒரே வரியில் எழுதி, இரண்டு அடிகளுக்கும் நடுவே ஒரு நிமிர்ந்த கோட்டை (|) இடுங்கள். வெற்று வரிகளை எல்லாம் நீக்கிவிடுங்கள். கோப்பைப் படித்தபின் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, ‘எக்ஸ்ப்ளோட்’ கட்டளையால் அந்தக் கோடு உள்ள இடத்தில் பிரித்து, இரண்டு அடிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டினால் போதும். வெற்று வரி உள்ள இடங்களில் கோப்பைப் பிரிக்கும் வழியும் உண்டென்றாலும், விண்டோஸ் கணினியில் எழுதிய கோப்பில் வரிமுடிவுக்கு இரண்டு குறிகளும் லினக்ஸில் எழுதிய கோப்பில் ஒரு குறியும் இருப்பதால் அந்த வழி ஓரிடத்தில் ஓடி மற்றோரிடத்தில் நின்றுவிடும். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தேர்ந்தெடுக்கும் வரியிலும் இரண்டு குழிகள் இருக்கின்றன. ‘அர்ரே ரேண்ட்’ என்ற கட்டளை பட்டியலில் உள்ள பொருளைத் தராது. அது இருக்கும் இடத்தின் எண்ணைத்தான் தரும். அந்த எண்ணை அப்படியே அச்சிட்டுவிட்டு, குறளுக்குப் பதிலாக 847 என்று வருகிறதே என்று திகைத்தவர்கள் பலர். அதற்கு மாற்றாக, இரண்டு எல்லைகளுக்குள் ஏதேனும் ஓர் எண்ணைத் தரும் ‘ரேண்டம் இன்ட்’ கட்டளைக்கு எல்லைகளை நீங்களே கொடுப்பதானால், பி.எச்.பி. பூச்சியத்திலிருந்து எண்ணுகிறது என்பதை மறக்கலாகாது: 1330 குறள்களின் இட எண்கள் 0 முதல் 1329 வரை. 1330 வரை என்று கொடுத்தால், என்றோ ஒரு நாள் இல்லாத இடத்தைத் தேடி எச்சரிக்கை காட்டும். அது கண்ணில் படும், திருத்திவிடலாம். 1 முதல் 1329 வரை என்று கொடுத்துவிட்டாலோ எந்த எச்சரிக்கையும் வராது. முதற்குறள் மட்டும் எக்காலத்திலும் தோன்றாது, அது தோன்றவில்லை என்பதை எவரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

கோப்பை, தமிழ் எழுத்துகளைச் சேமிக்க உதவும் யூ.டி.எஃப்.-8 முறையில் சேமியுங்கள். பழைய நோட்பேட் அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியையும் சேர்த்துவிடும். அது முதற்குறளோடு ஒட்டிக்கொண்டு வரும். அதே குறி பி.எச்.பி. கோப்பின் தலையில் ஏறிவிட்டால், ‘ஹெட்டர் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது’ என்ற பிழைச்செய்தி (ஹெட்டர் என்பது பக்கத்துக்கு முன்னால் பிரவுசருக்குப் போகும் தகவல்) வந்து, எந்த வரியில் தவறு என்று அரை நாள் தேடவைக்கும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் நோட்பேட் அந்தக் குறியை இடாமலேயே சேமிக்கிறது.

கேள்வி: என் வலைத்தளத்தில் 30 மருத்துவக் குறிப்புகளை வைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்றைக் காட்டுகிறேன். பத்து முறை திறப்பதற்குள் பார்த்த குறிப்பே மீண்டும் வந்துவிடுகிறது. பி.எச்.பி.யின் ரேண்டம் தரமற்றதா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தரம் குறைந்ததன்று. பி.எச்.பி. 7.1 பதிப்பிலிருந்து பழைய ‘ரேண்ட்’ கட்டளையும், ஜப்பானியக் கணித அறிஞர்கள் மகோட்டோ மட்சுமோட்டோவும் டக்குஜி நிஷிமுராவும் 1998-இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் என்னும் எண் உருவாக்கும் முறையிலேயே இயங்குகிறது. குறிப்புகளைக் குலுக்க அதுவே தாராளம். சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் பானைக்குள் போட்டுவிட்டுத்தான் அடுத்த சீட்டை எடுக்கிறீர்கள். 30 சீட்டுகளில் 7 முறை எடுத்தாலே, ஏதேனும் ஒன்று இரண்டு முறை வந்திருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 53. 1330 சீட்டுகள் உள்ள மேற்சொன்ன குறள் பக்கத்தில்கூட 44-ஆவது முறையில் அந்த வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும்.

நீங்கள் விரும்புவது, எடுத்த சீட்டைத் திரும்பப் போடாத குலுக்கல். வருகையாளர் முதன்முறை வரும்போது 0 முதல் 29 வரையிலான எண்களை ‘ஷஃபிள்’ கட்டளையால் கலைத்து, அந்த வரிசையைச் செஷனில், அதாவது ஒவ்வொரு வருகையாளருக்கும் சர்வர் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவில், வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதன் முனையிலிருந்து ஓர் எண்ணை உருவி, அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். வரிசை தீர்ந்ததும் மறுபடியும் கலைக்கலாம். அப்போது, முந்தைய சுற்றின் கடைசிக் குறிப்பே புதிய சுற்றின் முதற்குறிப்பாக வந்துவிட்டால் அதை மட்டும் இடம் மாற்றிவிடுங்கள். பிரவுசரை மூடினால் பொதுவாகச் செஷனும் போய்விடும் என்பதால், மறுநாள் வருபவருக்கும் நினைவிருக்கவேண்டுமானால் வரிசையை, அவருடைய பிரவுசரிலேயே சேமிக்கப்படும் குக்கியில் வைக்கவேண்டியிருக்கும்.

கேள்வி: ‘இன்றைய சிந்தனை’ என்ற பகுதியில் நாளுக்கு ஒன்று என்று காட்டுகிறேன். நேரத்தை நொடிகளில் தரும் ‘டைம்’ கட்டளையின் எண்ணை, ஒரு நாளின் நொடிகளான 86400-ஆல் வகுத்து, கிடைக்கும் நாள் எண்ணைப் பட்டியலின் அளவால் வகுத்து, மீதியை இட எண்ணாகக் கொள்கிறேன். எல்லாம் சரி, ஆனால் நள்ளிரவில் மாறவேண்டியது காலை ஐந்தரை மணிக்கு மாறுகிறது. ‘ஏசியா கொல்கத்தா’ என்று நேரமண்டலத்தையும் அமைத்துப் பார்த்துவிட்டேன், பயனில்லை. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனெனில் நீங்கள் செய்த ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் விடை தவறுகிறது. நேரமண்டலத்தை அமைக்கும் கட்டளை, தேதியை எழுதிக்காட்டும் ‘டேட்’ போன்ற கட்டளைகளையே கட்டுப்படுத்தும். ‘டைம்’ கட்டளைக்கு ஊரும் இல்லை, நாடும் இல்லை; 1970 ஜனவரி 1 அன்று கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளை அது தந்துகொண்டேயிருக்கும். எனவே 86400-ஆல் வகுக்கும்போது நாள் கிரீன்விச் நள்ளிரவில்தான் புரளும்; அப்போது யாழ்ப்பாணத்தில் மணி ஐந்தரை.

வகுப்பதற்கு முன் 19800-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்தரை மணி நேரத்தின் நொடிக்கணக்கு அது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இப்போது ஒரே நேரம், கோடைக்கு ஒரு நேரம் குளிருக்கு ஒரு நேரம் என்ற வழக்கமும் இல்லை என்பதால் இந்த எண் ஆண்டு முழுவதும் பொருந்தும். கோடையில் கடிகாரத்தை மாற்றிவைக்கும் டொராண்டோவில் உள்ளவர்களுக்காகப் பக்கம் நடத்துபவர்கள் இப்படி நிலையான எண்ணைக் கூட்டக்கூடாது. அவர்கள் உரிய நேரமண்டலத்தை அமைத்து, ‘டேட்’ தரும் தேதியிலிருந்து நாளைக் கணக்கிடவேண்டும்.

காரைக்குடி ஆசிரியைக்கும் இந்த முறையையே சொல்லத் தோன்றுகிறது. குறள்களை நூலில் உள்ள வரிசையிலேயே வைத்து, தொடக்க நாளை முதற்குறளுக்கு ஒத்துவருமாறு சரிசெய்துகொண்டால், பத்து நாளுக்கு ஓர் அதிகாரம் முடியும்; 1330 நாளில், அதாவது மூன்றரை ஆண்டு கடந்து, நூல் முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் படிக்கும் குறளும் பள்ளியின் பக்கத்தில் இருக்கும் குறளும் ஒன்றாக இருக்கும் வசதியைக் குலுக்கல் தராது.

கேள்வி: என் கணினியில் சோதிக்கும்போது படம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ஹோஸ்டிங்கில் ஏற்றியபின் மணிக்கணக்காக ஒரே படம் நிற்கிறது. (மாணவர், நாகர்கோவில்)

பதில்: கேஷ்தான் காரணம். ஒருமுறை உருவான பக்கத்தைச் சர்வரோ இடையிலுள்ள சி.டி.என். சேவையோ நகலெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருபவர்களுக்கு அந்த நகலையே கொடுக்கிறது, உங்கள் பி.எச்.பி. ஓடவேயில்லை. முழுப்பக்கத்துக்கும் கேஷை நிறுத்திவிட்டால் தளம் மெதுவாகும். படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் தனிக் கோப்பாக்கி, அதற்கு மட்டும், நகலைச் சேமிக்கவேண்டாம் என்று சொல்லும் ‘நோ ஸ்டோர்’ என்ற ஹெட்டரை அனுப்பி, பக்கம் திறந்தபின் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டால் அதை அழைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு எங்கள் துணிக்கடையின் தளத்தில், பில் எண்ணை இட்டால் பரிசு உண்டா இல்லையா என்று காட்டும் பக்கம் அமைக்கிறேன். ‘ரேண்ட்’ கட்டளை போதுமா? (வணிகர், ஈரோடு)

பதில்: போதாது. மெர்சென் ட்விஸ்டர் முறையில் தொடர்ந்து வெளிவந்த 624 எண்களை ஒருவர் முழுமையாகப் பார்த்துவிட்டால், அடுத்து வருபவற்றைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். பணமோ பொருளோ கைமாறும் இடத்தில், பி.எச்.பி. 7 முதல் கிடைக்கும் ‘ரேண்டம் இன்ட்’ கட்டளையையே பயன்படுத்துங்கள். ஊகிக்க முடியாத எண்களை அது இயங்குதளத்திடமிருந்து பெறுகிறது.

ஆயினும் உங்கள் பக்கத்தை ஏமாற்ற வருபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது. ரிஃப்ரெஷ் பொத்தானே போதும், பரிசு விழும்வரை அழுத்திக்கொண்டேயிருப்பார். எனவே பில் எண் வந்தவுடன், அது உங்கள் கடை வழங்கிய எண்தானா என்று முதலில் சரிபாருங்கள். பிறகு ஒரே ஒருமுறை குலுக்கி, விடையை அந்த எண்ணோடு தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, அதற்குப் பின்னரே திரையில் காட்டுங்கள். அதே எண் மறுபடி வந்தால் குலுக்காமல், எழுதிவைத்த விடையையே எடுத்துக் காட்டவேண்டும். இருவர் ஒரே நொடியில் ஒரே எண்ணை இட்டாலும் இரண்டாவது பதிவு ஏறாதபடி, பில் எண் நெடுவரிசையை ‘யுனீக்’ என்று அமைத்துவிடுங்கள்.