அட்மிஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி பள்ளியைக் கேட்க முடியாதா?

கேள்வி: என் மகன் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான், வயது 13. கணக்கு ஆசிரியர் ஸ்கேலால் அடிக்கிறார், வகுப்புக்கு வெளியே முட்டி போட வைக்கிறார். தலைமை ஆசிரியரிடம் கேட்டால், "கண்டிக்கச் சம்மதம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பிடிக்கவில்லை என்றால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். வீட்டிலோ கணவரும் மாமியாரும் "நாங்கள் எல்லாம் அடி வாங்காமலா படித்தோம்" என்கிறார்கள். புகார் கொடுத்தால் பையனைக் குறிவைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்தக் கையெழுத்தை நினைத்து முதலில் பயப்படுவதை விடுங்கள், அதற்கு மதிப்பே கிடையாது. சட்டம் கூடாது என்று தடுத்த ஒன்றைப் பெற்றோர் சம்மதம் கொடுத்துச் செல்லுபடியாக்க முடியாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கக் கூடாது, மனதளவிலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. மீறும் ஆசிரியர் மீது அவருக்குப் பொருந்தும் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாடு இன்னும் முன்னாலேயே, 2003-ல், கல்வி விதிகளில் 51-ஆம் விதியைத் திருத்தி அடியை நிறுத்தச் சொல்லிவிட்டது. டிசி மிரட்டலும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வது தலைமை ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்காது.

அப்படியானால் இருபது வருடத்துக்கு மேலாகத் தடை இருந்தும் ஸ்கேல் ஏன் இன்னும் மேசை மேல் இருக்கிறது? விஷயமே இங்கேதான். ஆசிரியருக்கு அடிக்கும் அனுமதியைக் கொடுத்தது சட்டம் இல்லை, நாம்தான். "கண்ணை மட்டும் விட்டுட்டு எங்க வேணா அடிங்க சார்" என்று பிள்ளையைக் கொண்டுவிடும் அப்பாக்களைப் பார்க்காத ஆசிரியர் யாராவது உண்டா? "அடியாத மாடு படியாது" என்று பழமொழி வேறு. அந்த ஆசிரியரும் அடி வாங்கிப் படித்தவர்தான், ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் பாடத்தை முடிக்கச் சொல்லி நிர்வாகம் அவரையும் நெருக்குகிறது. அவருக்கு மேலே இருக்கும் அதிகாரிகளும் இதே வழக்கத்தில் வளர்ந்தவர்கள் என்பதால், வாய்மொழியாக வரும் புகார் பெரும்பாலும் "சரி, பேசிக்கிறேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒன்று கவனித்திருக்கிறீர்களா, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி அடி விழுவதில்லை. யார் வீட்டிலிருந்து கேட்க ஆள் வராதோ அவர்களுக்குத்தான் அதிகம் விழும்.

ஸ்வீடனில் 1979-ல் பெற்றோரே பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டபோது, அதை வெறும் அரசாணையாக விடவில்லை. வீடுவீடாகத் துண்டறிக்கை அனுப்பினார்கள், பால் பாக்கெட்டில்கூட அச்சடித்தார்கள். நம்மிடம் சட்டம் வந்தது, வீட்டுக்குள் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அதனால் உங்கள் மாமியார் சொல்வதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் கடிதத்தின் முதல் வேலை, கொடுத்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த அனுமதியை எழுத்தில் திரும்பப் பெறுவது. போனில் வேண்டாம், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கண்டிப்பாக வேண்டாம். தலைமை ஆசிரியர், தாளாளர் இருவருக்கும் ஒரு பக்கக் கடிதம். எந்தத் தேதி, எந்தப் பாடவேளை, எதனால் அடித்தார், எத்தனை நேரம் முட்டி போட வைத்தார் என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள், "கொடூரமான" மாதிரியான அடைமொழி ஒன்றும் தேவையில்லை. 17-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள், படிவத்தில் இருக்கும் சம்மதம் இதற்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேருங்கள். நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பாதிப் பள்ளிகளில் விஷயம் இந்த இடத்திலேயே அடங்கிவிடும், ஏனென்றால் எழுத்தில் வந்துவிட்ட பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று பின்னால் சொல்ல முடியாது என்பது நிர்வாகத்துக்கு நன்றாகவே புரியும்.

அடங்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அப்புறம் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். எப்படிப் போவது என்று தெரியவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐக் கூப்பிடலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எந்த நேரமும் இயங்கும். உடலில் காயம் இருந்தால் வரிசையே வேறு: முதலில் அரசு மருத்துவமனை, அங்கே எப்படிக் காயம் பட்டது என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள், பிறகு காவல் நிலையம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாருக்கும் பொருந்தும். பொறுப்பில் இருப்பவரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் சிறைத் தண்டனை வரை போகும். சிலர் அதே சட்டத்தின் 82-ஆம் பிரிவைக் காட்டிப் புகார் எழுதிவிடுகிறார்கள், அது குழந்தைகள் இல்லங்களுக்கு உரியது. உங்கள் பள்ளி சிறுபான்மைப் பள்ளி என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அங்கே மாநில விதியையும் இளைஞர் நீதிச் சட்டத்தையும் வைத்துப் பேசுவதுதான் பலம்.

"நல்லெண்ணத்தில் அடித்தேன்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சிறு கண்டிப்பு என்ற அளவில் அதை ஏற்றுக்கொண்ட நீதிமன்றங்களும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் காப்பாளர் சம்மதத்தோடு குழந்தையின் நன்மைக்காகச் செய்ததற்குப் பாதுகாப்புத் தரும் பழைய தண்டனைச் சட்டப் பிரிவு 89 பேசியது 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பற்றி. உங்கள் மகனுக்கு 13.

குறிவைப்பார்களோ என்ற பயம் நியாயமானது. அடிப்பதை நிறுத்திவிட்டு வகுப்பில் குத்திப் பேச ஆரம்பிப்பார்கள், பெஞ்சை மாற்றுவார்கள், "உங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லு" என்பார்கள். இதுவும் மனத் துன்புறுத்தல்தான், கேலியும் அவமானப்படுத்துவதும் சாதி சொல்லித் திட்டுவதும் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கின்றன. அதனால் கடிதம் கொடுத்த நாளிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பையனைத் தினமும் துருவித் துருவிக் கேட்காதீர்கள், பாவம், அவன் சாட்சி இல்லை, பிள்ளை. முடிந்தால் அதே வகுப்பில் இன்னும் ஓரிரு பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டிலிருந்து கடிதம் போனால் ஒரு பையனைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

கணவர் விஷயத்தில், அவர் அடி வாங்கியது சரியா தப்பா என்று வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள், அது முடியாத பேச்சு. நீங்கள் தனியாகக் கடிதம் கொடுத்தால் தலைமை ஆசிரியர் அடுத்துச் செய்யப்போகும் வேலை அவருக்குப் போன் போட்டு "மேடம் கொஞ்சம் பெரிசு பண்றாங்க சார்" என்பதுதான். அந்தப் போன் வருவதற்கு முன்னால் கடிதத்தில் அவருடைய கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.