உலோகிடைச் சேர்மங்களின் தாழ்வெப்பநிலை மின்தடை: கேள்வி பதில்

கேள்வி (கிண்டி, ஆய்வு மாணவி): ஐயா, நான் அளக்கும் சீரியம் உலோகிடைச் சேர்மத்தின் (உலோகங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்து உருவான சேர்மத்தின்) மின்தடை குளிரக் குளிரக் குறைந்து, ஏறக்குறைய 15 கெல்வினுக்குக் கீழே மறுபடியும் ஏறுகிறது. அளவீடு தவறா?

பதில்: தவறு என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். காந்த மாசு சிறிதளவே கலந்த தங்கத்தில் இத்தகைய ஏற்றம் 1930-களிலேயே காணப்பட்டது; காந்த அணுவின் தற்சுழற்சியும் (ஸ்பின்) மின்னோட்டத்தைக் கடத்தும் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் ஒன்றையொன்று புரட்டிக்கொள்வதால் வெப்பநிலை குறையும்போது சிதறல் மடக்கை முறையில் வளர்கிறது என்று 1964-இல் ஜப்பானிய இயற்பியலாளர் ஜுன் கொண்டோ விளக்கினார்; இதுவே கொண்டோ விளைவு. சீரிய அணுவின் 4எஃப் எனும் உள்கூட்டில் உள்ள எலக்ட்ரானும் அதே வேலையைச் செய்யக்கூடும். ஆகவே, 4எஃப் எலக்ட்ரான் இல்லாத லாந்தனத்தைக் கொண்டு அதே அமைப்பிலான சேர்மத்தைத் தயாரித்து அளந்து, அதன் மின்தடைத்திறனைக் கழித்துவிட்டு, மீதியை வெப்பநிலையின் மடக்கைக்கு எதிராக வரையுங்கள். நேர்கோட்டுப் பகுதி தெரிந்தால் கொண்டோ விளைவு இருக்கலாம் என்று கருத இடமுண்டு. லாந்தனச் சேர்மமும் அதே இடத்தில் ஏறினால், முதலில் மாதிரியில் விரிசல் உண்டா, வெள்ளிப் பசைத் தொடர்புகள் உறுதியாக உள்ளனவா என்று பாருங்கள். சீரியம் ஒவ்வொரு படிக அலகிலும் முறையாக அமர்ந்த சேர்மமென்றால் இன்னும் கீழே இறங்கிப் பார்ப்பது அவசியம். அங்கே மின்தடை ஓர் உச்சத்தைத் தொட்டு விழுந்து, வெப்பநிலையின் இருமடியைப் பின்பற்றக்கூடும். 1975-இல் CeAl₃ சேர்மத்தில் 0.3 கெல்வினுக்குக் கீழே கண்டறியப்பட்ட இருமடி உறுப்பு சாதாரண உலோகங்களில் காண்பதைவிட மிக மிகப் பெரியது. திரவ ஹீலியத்தின் கொதிநிலையான 4.2 கெல்வினில் நிறுத்திக்கொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

கேள்வி (தாம்பரம், முதுகலை மாணவர்): நான்கு கம்பிகள் எதற்கு?

பதில்: மாதிரியின் தடை ஒரு மில்லியோமாக இருக்க, கம்பிகளின் தடை பல ஓமாக இருக்கும். இரு கம்பிகள் மின்னோட்டத்தைச் செலுத்த, மற்ற இரண்டு மாதிரியின் மின்னழுத்தத்தை மட்டும் அளந்தால் கம்பிகளின் தடை கணக்கில் சேராது. 10 மில்லியாம்பியரில் கிடைப்பது 10 மைக்ரோவோல்ட் மட்டுமே. கம்பிகளின் வெப்ப மின்னழுத்தமும் அந்த அளவுக்கு வரலாம். எனவே மின்னோட்டத்தின் திசையை மாற்றி இருமுறை அளந்து, இரண்டின் வேறுபாட்டில் பாதியை எடுங்கள்.

கேள்வி (அடையாறு, கல்லூரி ஆசிரியர்): ஒரே சேர்மத்துக்கு இரு மாதிரிகள் வேறு வேறு மின்தடைத்திறனைக் காட்டுகின்றன. எதை நம்புவது?

பதில்: ஆர்க் (மின்வில்) உலையில் உருக்கிய துண்டுகள் எளிதில் உடையக்கூடியவை; ஒழுங்கான வடிவில் வெட்டுவது கடினம். எனவே தடிமன், தொடர்புகளின் இடைவெளி ஆகிய அளவுகளில் நேரும் பிழை விடையில் அப்படியே ஏறிவிடும். 300 கெல்வின் தடையை 4.2 கெல்வின் தடையால் வகுத்தால் அந்த வடிவப் பிழை அடிபட்டுப்போகும். மீக்கடத்தியாகவோ (குளிரில் மின்தடையை முற்றிலும் இழப்பதாகவோ) காந்த ஒழுங்குள்ளதாகவோ இல்லாத சேர்மத்தில் இந்த விகிதம் உயர்ந்த மாதிரியையே நான் நம்புவேன். மாதிரி கெடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த மாதிரியில் உடனே படியும். ஆகவே கிரையோஸ்டாட்டை (மாதிரியைக் குளிர்விக்கும் கலத்தை), அது அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே திறந்து, சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்கள் மிகுந்த மாதிரிகளை வெற்றிடத்தில் வைத்திருங்கள்.