மொடல் கார் கிற் வாங்கப் போகிறீர்களா? முதலில் பெயின்ற்றைத் தேடுங்கள்

கேள்வி (கிளிநொச்சி): மகன் தரம் 10 படிக்கிறான். பழைய கார்களின் பிளாஸ்ரிக் மொடல் செய்து பெயின்ற் அடிக்க ஆசைப்படுகிறான். அப்பப்பா ஓடின மொரிஸ் மைனர்தான் வேணும் என்று நிற்கிறான். முதல் கிற்றாக எதை வாங்கிக் கொடுக்கலாம்?

பதில்: மைனரை இரண்டாவதாகச் செய்யச் சொல்லுங்கள். எயர்ஃபிக்ஸ் கொம்பனியின் 1/32 அளவு (உண்மைக் காரின் 32இல் ஒரு பங்கு) மைனர் பழைய காலத்து அச்சு. விளிம்பெல்லாம் பிசிறு இருக்கும், பாகங்கள் இடைவெளி விட்டுத்தான் பொருந்தும், கண்ணாடித் துண்டும் தடிப்பு. இடைவெளி அடைக்கும் ஃபில்லர் வைத்துத் தேய்க்கப் பழகிய கைக்கு அது நல்ல வேலை. புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு அலுத்துப்போகும்.

முதல் வேலைக்குத் தமியா கொம்பனியின் 1/24 அளவு 1966 வொக்ஸ்வாகன் 1300 பீட்டில், அல்லது அதே அளவில் அவர்களின் மினி கூப்பர் 1275எஸ் பொருத்தம். பாகங்கள் இழுபறி இல்லாமல் பொருந்தும். 1948இல் வந்த மைனரையும் 1959இல் வந்த மினியையும் வடிவமைத்தவர் ஒரே ஆள்தான், அலெக் இசிகோனிஸ். அப்பப்பாவின் காருக்கு மினி தூரத்துச் சொந்தம் என்று மகனுக்குச் சொல்லலாம்.

அளவையும் யோசியுங்கள். 1/24 பீட்டில் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர் நீளம் வரும். 1/32 மைனர் 12 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். பெரிய மொடலில் கைப்பிடி, கண்ணாடி விளிம்பு போன்றவற்றைத் தூரிகையால் தொட இடம் இருக்கும்.

பெட்டியில் படம் மினுங்குகிறது என்பதற்காக உள்ளே பெயின்ற் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் கிற்றில் பசைகூட இருக்காது. தேவையான நிறங்களின் இலக்கங்கள் பெட்டியின் பக்கவாட்டிலோ செய்முறைத் தாளிலோ இருக்கும். அவற்றில் எத்தனை உங்கள் கைக்கு எட்டும் என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். எயர்ஃபிக்ஸ், ரெவெல் இரண்டிலும் பெயின்ற், தூரிகை, பசை சேர்ந்த தொகுதிகள் உண்டு. உள்பாகங்களுக்கு அந்தச் சின்னக் குப்பிகள் போதும். ஆனால் கார் உடலைத் தூரிகையால் பூசினால் மினுமினுப்பான நிறத்தில் கோடு கோடாகத் தெரியும். உடலுக்கு ஸ்பிறே வேண்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): வெளிநாட்டுக் கடையொன்றில் கிற்றும் நாலு ஸ்பிறே ரின்னும் ஓடர் பண்ணினேன். கிற் மட்டும் வந்தது. ரின்னை அனுப்ப ஏலாது என்று காசைத் திருப்பிவிட்டார்கள். இங்கே கார்களுக்கு அடிக்கும் ஸ்பிறே ரின்னைப் பாவிக்கலாமா?

பதில்: கடைக்காரர் செய்தது சரி. அழுத்த வாயு அடைத்த ரின்னும், தீப்பற்றும் லாக்கர் (தின்னர் வேகமாக ஆவியாகிக் காயும் பெயின்ற்), எனாமல் (மெதுவாகக் காயும் பெயின்ற்), தின்னர், பசை வகைகளும் விமானத் தபாலில் ஆபத்தான பொருட்கள். கிற்றை வெளியிலிருந்து எடுக்கலாம். அப்போதும் சுங்க வரியையும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் வற் வரியையும் கணக்கில் வைத்து விலையை ஒப்பிடுங்கள். பெயின்ற்றை நாட்டுக்குள்தான் தேட வேண்டும். கொழும்புக்குப் போகிறவர் யாராவது இருந்தால் பொழுதுபோக்குப் பொருட்கடையில் தமியா ரி.எஸ். வரிசை ரின் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தைச் சரியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரி.எஸ். இந்தப் பிளாஸ்ரிக்குக்கு உரியது. பி.எஸ். வரிசை றிமோட் கார்களின் பொலிகாபனேற் உடலுக்கு மட்டும். ரி.எஸ். ரின் 100 மில்லிலீற்றர். ஒரு 1/24 உடலுக்குத் தாராளம்.

இனி உங்கள் கேள்வி. ஹாட்வெயாரில் கிடைக்கும் கார் ஸ்பிறேயைப் பாவிக்கலாம், ஆனால் நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிறைமர் இல்லாமல் கூடாது. அந்த ரின்களில் உள்ள தின்னர் கடுமையானது. மொடலின் பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கை அது கரைக்கும். மேற்பரப்பு நுணுக்கமாக வெடித்துச் சொரசொரத்துப் போகும். ஒருமுறை அப்படி ஆனால் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் சட்டத்தை வெட்டி எறியாமல் வைத்து, அதில் பிறைமரையும் நிறத்தையும் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் மட்டும் உடலில் கை வையுங்கள்.

வேலை ஒழுங்கு இதுதான். உடலின் சேற்றுக்காப்பு வழியாக ஓடும் மெல்லிய அச்சுக்கோட்டை விரலால் தடவிக் கண்டுபிடித்து 800 இலக்க வோட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து அழியுங்கள். பலர் விடும் இடம் இது. நிறம் ஏறி மினுங்கத் தொடங்கியதும் அந்தக் கோடு முதலில் கண்ணைக் குத்தும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கழுவி, நன்றாக அலசி, நிழலில் உலர விடுங்கள். அதன்பின் வெறும் கையால் தொட வேண்டாம். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ற் பிடிக்காது. பிறைமரை இரண்டு மெல்லிய பூச்சாக, இடையில் 10 நிமிடம் விட்டு அடியுங்கள். மறுநாள் 1000 இலக்கத் தாளால் மெதுவாகத் தடவுங்கள்.

நிறம் அடிக்கும்போது ரின்னை 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, உடலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, உடலைக் கடந்து வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். உடலுக்கு மேலேயே தொடங்கினால் முதல் துப்பலில் புள்ளி விழும். முதல் பூச்சு வெறும் தூவல். கீழே பிறைமர் தெரிந்தால் பரவாயில்லை. 15 நிமிடம் விட்டு இரண்டாவது, பிறகு ஈரம் மினுங்கும் அளவுக்கு மூன்றாவது. ஒரே தரத்தில் மூடப் பார்த்தால் கதவுக் கோடுகளில் பெயின்ற் தேங்கும், கீழ்விளிம்பில் வழியும். மாறாக, ரின் தூரமாக இருந்தாலும் வெயில் கொதித்தாலும் துளிகள் போய்ச் சேரமுன்னே காய்ந்து மேற்பரப்பு தோடம்பழத் தோல் மாதிரி ஆகும். நம் பக்கத்துக் கோடையில் இந்தக் குறைதான் அதிகம். மூன்று நாள் காய்ந்த பிறகு 2000 இலக்கத் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கராஜில் பாவிக்கும் மெல்லிய கொம்பவுண்டால் மினுக்கினால் பெரும்பாலும் சரிவரும். கதவு, பொனற் விளிம்புகளில் மட்டும் அழுத்த வேண்டாம், அங்கே நிறம் மெல்லிசு.

எனாமல் பூச்சுக்கு மேலே லாக்கர் அடிக்கவே கூடாது, கீழே உள்ளது சுருங்கி எழும்பும். லாக்கருக்கு மேலே எனாமல் பூசலாம். அடிக்கும்போது திறந்த விறாந்தை, முகமூடி, அடுப்பிலிருந்து தூரம். ரின்னை வெயிலில் நிற்கும் வானுக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகக் கூடாது.

கேள்வி (முல்லைத்தீவு): கறுப்பு நிறம் அடித்தேன். அரை மணித்தியாலத்தில் பால் படிந்தது போல வெளுத்துவிட்டது. ரின் பழுதா?

பதில்: நீங்கள் அடித்தது கார்த்திகை மழைக்காலம் என்றால் ரின்னில் பிழையில்லை. லாக்கரின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். ஈரக்காற்றில் உள்ள தண்ணீர் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிவிடும். கறுப்பிலும் கடும் நீலத்திலும்தான் தெளிவாகத் தெரியும். தேய்க்க வேண்டாம். மழை விட்டு வெயில் எறிக்கும் ஒரு நாள், முற்பகல் பத்து மணிக்குப் பிறகு, அதே நிறத்தை மெல்லிதாக ஒரு தூவல் அடியுங்கள். புதிய தின்னர் கீழ்ப்பூச்சை இளக்க, ஈரம் வெளியேறிக் கறுப்பு திரும்பும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சிக்கல் வேறு: புழுதி. அப்போது காற்று எழும்பமுன் விடியப்புறம் அடியுங்கள். நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, அடித்து முடித்ததும் கழுவித் துடைத்த வாளி ஒன்றை உடலின் மேல் கவிழ்த்து மூடுங்கள். வாளியின் விளிம்பை ஒரு தடியில் சாய்த்து வையுங்கள், ஆவி போக வழி வேண்டும்.

கேள்வி (வவுனியா): முகநூலில் ஒருவர் பழைய கிற்றுகளை மலிவாக விற்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெட்டியின் படத்தை விட்டுவிட்டு உள்ளே இருப்பவற்றின் படங்களைக் கேளுங்கள். சட்டங்களில் ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும். செய்முறைத் தாளோடு ஒப்பிட்டால் குறை தெரியும். மிக முக்கியம் ரயர். மென்மையான ரயர்களிலிருந்து கசியும் எண்ணெய் தன்மை, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்ரிக்கை உருக்கும். தகரக் கூரையின் கீழ் வருடக்கணக்கில் கிடந்த பெட்டியில் இது விரைவாக நடக்கும். கண்ணாடித் துண்டில் ரயரின் வட்டத் தடம் இருந்தால் வாங்க வேண்டாம். உடலின் கூரைத்தூண்கள் வெடித்திருக்கின்றனவா, உடல் முறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். டெக்கால் தாள் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் படத்தாள்) மஞ்சளாகியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அதை ஊறவைக்கக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். பற்றரிக்கு விடும் வடித்த நீர் ஒரு போத்தல் போதும். அசிற் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி (மாங்குளம்): கடையில் வாங்கிய புதுக் கிற்றில் பாகங்கள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் சட்டம் முழுவதும் இல்லை. திறந்த பெட்டியை எடுக்கமாட்டோம் என்கிறார்கள்.

பதில்: பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. முதலில் பெட்டி, பிளாஸ்ரிக் சட்டங்கள், செய்முறைத் தாள் மூன்றையும் படம் எடுத்து மாற்றித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். விபரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். முறைப்பாடு முடியும்வரை மற்றப் பாகங்களைப் பிளாஸ்ரிக் சட்டத்திலிருந்து வெட்ட வேண்டாம். வெட்டிய கிற்றை முழுமையாக வந்ததென்று சொல்லக் கடைக்காரருக்கு இடம் கிடைத்துவிடும்.

கேள்வி (மல்லாவி): சுப்பர் குளூவால் முன் கண்ணாடியை ஒட்டினேன். சுற்றிவரப் புகை படிந்துவிட்டது.

பதில்: அந்தப் பசையின் ஆவி படிந்ததுதான். மெல்லிய படிவென்றால் கண்ணாடியைக் கழற்றி, பற்பசையை ஈரத் துணியில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். அடுத்த முறை பலகை ஒட்டும் வெள்ளைப் பசையைக் குச்சி நுனியால் வையுங்கள். காய்ந்தால் நிறமில்லாமல் தெளிந்துவிடும், கூடினதை ஈரத் துணியால் துடைக்கலாம்.