ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுக்கலாமா?

கேள்வி: என் ஆறு வயது மகளுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. வாங்கி வந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொல்லிப் போட்டிருக்கிறது. அவ்வளவையும் அவள் குடிக்க மாட்டாள். ஒரு டம்ளரில் கெட்டியாகக் கலந்து கொடுத்துவிட்டு, மேலே வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா? இன்னொரு சந்தேகம். இதில் ஏன் சர்க்கரை? சர்க்கரை வயிற்றுப்போக்கை அதிகமாக்கும் என்கிறார் என் மாமியார். உப்பு மட்டும் போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: கெட்டியாகக் கலக்காதீர்கள். ஏற்கெனவே கலந்துவிட்டு, ஒரு வாய்கூட இன்னும் கொடுக்கவில்லை என்றால், மீதித் தண்ணீரையும் அளந்து ஊற்றி ஒரு லிட்டராக்குங்கள். கொஞ்சம் குடித்துவிட்டாள் என்றால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதுப் பொட்டலம் பிரியுங்கள். ஒரு லிட்டரையும் ஒரே மூச்சில் குடிக்க வேண்டியதில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பது தெரிந்தால் அளவை மீற உங்களுக்கே மனம் வராது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஓர் உருளைக்கிழங்கை விரல் கனத்துக்கு இரண்டு துண்டாக நறுக்குங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும், மற்றதை இரண்டு மூன்று கரண்டி உப்புப் போட்ட தண்ணீரிலும் போட்டு, ஓரிரு மணி நேரம் கழித்து எடுங்கள். வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக இருக்கும், வளைத்தால் பட்டென்று ஒடியும். உப்புத் தண்ணீரில் கிடந்தது துவண்டு, ரப்பர் போல வளையும். அதன் செல்களுக்குள் இருந்த நீர் உப்பு இருக்கும் பக்கம் வெளியேறிவிட்டது. இதைத்தான் பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தோம். கரைபொருள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் நீர் போகும்.

உங்கள் டம்ளருக்கு வருவோம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைச் சரியாகக் கலந்தால், அதில் கரைந்திருக்கும் துகள்களின் அடர்த்தி லிட்டருக்கு 245 மில்லிஆஸ்மோல். பெயரை மறந்துவிடுங்கள், எண்ணை மட்டும் பாருங்கள். நம் ரத்தத்தின் அடர்த்தி இதே கணக்கில் 290-ஐ ஒட்டி இருக்கும். கரைசல் ரத்தத்தைவிடச் சற்றே நீர்த்தது என்பதால் நீர் குடலிலிருந்து உடலுக்குள் போவது எளிது. அதே பொட்டலத்தை 200 மில்லி டம்ளரில் கரைத்தால் 245 ஐந்து மடங்காகி 1225 ஆகிவிடும், அதாவது ரத்தத்தைப்போல நான்கு மடங்கு. அப்போது அந்த உருளைக்கிழங்குத் துண்டின் கதிதான் குழந்தைக்கும். உடலில் மிச்சமிருக்கும் நீரைக் குடல் தன் பக்கம் இழுக்கும், போக்கு கூடும், ரத்தத்தில் சோடியமும் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பிறகு வெறும் தண்ணீர் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்பது நடக்கிற காரியமில்லை. அந்தத் தண்ணீர் எப்போது, எவ்வளவு போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை.

சரி, சர்க்கரை எதற்கு? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் உடலில் எந்தச் செல்லிலும் தண்ணீரை இறைப்பதற்கென்று பம்ப் கிடையாது. நீர் போய்வரச் சில செல்களில் தனி வாசல்கள் உண்டு. அக்வாபோரின் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் அவற்றைக் கண்டறிந்த பீட்டர் அக்ரிக்கு 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆனால் அவை திறந்து கிடக்கும் வாசல்தான். உள்ளே இழுக்கும் ஆள் இல்லை. ஆகவே தண்ணீரை உடலுக்குள் கொண்டுபோக வேண்டுமானால் முதலில் உப்பை உள்ளே அனுப்ப வேண்டும், நீர் அதன் பின்னாலேயே போகும்.

உப்பு சும்மா போகாது. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் லேசான எதிர் மின்னூட்டமும், மறுபக்கம் லேசான நேர் மின்னூட்டமும் இருக்கும். உப்பு கரையும்போது ஒவ்வொரு சோடியம் அயனியையும் நீர் மூலக்கூறுகள் தங்கள் எதிர் மின் பக்கத்தைக் காட்டியபடி சூழ்ந்துகொள்கின்றன, ஒரு சட்டை மாட்டிவிட்டதுபோல. செல் சவ்வோ கொழுப்பால் ஆனது. அதன் நடுப்பகுதி எண்ணெய் மாதிரி. சட்டையைக் கழற்றாமல் சோடியம் அதற்குள் நுழைய முடியாது, கழற்றுவதற்கோ எக்கச்சக்கமான ஆற்றல் வேண்டும். குளுக்கோஸுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். இரண்டுக்கும் சவ்வில் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்களின் தயவு தேவை.

சிறுகுடல் செல்களில் அப்படி ஒரு கடத்தி இருக்கிறது. இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ், இரண்டும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். இப்படி ஒரு கூட்டுப் பயணம் இருக்க வேண்டும் என்று 1960-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொரு பம்ப் ரத்தத்தின் பக்கம் தள்ளிவிடும். உப்பும் குளுக்கோஸும் போன வழியே நீரும் போகும்.

வயிற்றுப்போக்கில் என்ன கெடுகிறது என்று பாருங்கள். காலராவில் கிருமியின் நச்சு, குடல் செல்களிலிருந்து குளோரைடைக் கொட்ட வைக்கிறது. சோடியமும் நீரும் அதன் பின்னாலேயே வெளியேறுகின்றன. உப்பைத் தனியாக உறிஞ்சும் வழியும் அடைபட்டுப்போகிறது. ஆனால் அந்தக் கூட்டுக் கடத்தியை மட்டும் நச்சு தொடுவதில்லை. முன்வாசல் பூட்டியிருந்தாலும் பின்வாசல் திறந்திருக்கிறது, அதன் சாவி குளுக்கோஸ். வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் பலன் கிடைக்காததும் இதனால்தான். மற்ற பெரும்பாலான வயிற்றுப்போக்குகளிலும் இந்த வழி ஓரளவுக்காவது வேலை செய்கிறது.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. டிரம்மிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களில் பலர் நோயாளிகளின் உறவினர்களே.

உங்கள் மாமியார் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. சர்க்கரை அளவு மீறினால் வயிற்றுப்போக்கு கூடத்தான் செய்யும். கடத்திகளின் திறனுக்கு மேற்பட்ட சர்க்கரை குடலிலேயே தங்கி நீரை இழுக்கும். குளிர்பானம், பெட்டிப் பழச்சாறு போன்றவற்றை இந்த நேரத்தில் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். பழைய ஓ.ஆர்.எஸ். கலவையில்கூட அடர்த்தி 311 ஆக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் அதை 245 ஆகக் குறைத்தது. இப்போது லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். எடையை விட்டுத் துகள்களின் எண்ணிக்கைக் கணக்கில் பார்த்தால், சோடியமும் குளுக்கோஸும் தலா லிட்டருக்கு 75 மில்லிமோல், சரிசமம். கூடவே போக்கில் இழக்கும் பொட்டாசியமும், ரத்தத்தில் அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் சிட்ரேட்டும் உண்டு.

வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் கொடுப்பதும் சரியில்லை. போக்கில் நீரோடு உப்பும் போகிறது. நீரை மட்டும் திருப்பிக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, நீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். மண்டையோட்டுக்குள் மூளை வீங்க இடம் ஏது? மயக்கமும் வலிப்பும் அங்கிருந்துதான் வருகின்றன.

அப்புறம், கொடுக்கும் முறை. ஆறு வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மில்லி, சிறு சிறு வாயாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டியால் மெதுவாகத் தொடங்குங்கள். கலந்த கரைசல் 24 மணி நேரத்துக்குத்தான். அதற்குள் அவள் குடித்தது அரை லிட்டரே ஆனாலும் மிச்சத்தைக் கொட்டுங்கள், வருத்தப்படாதீர்கள். பொட்டலத்தை வாங்கும்போது அது ஒரு லிட்டருக்கா, 200 மில்லிக்கா என்று பாருங்கள், இரண்டும் கிடைக்கின்றன. பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்றும் பிரிக்காதீர்கள், பொடியைக் கண்ணால் சரிபாதியாக்க முடியாது. வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம்.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடலாம். சர்க்கரை குடலில் உடையும்போது பாதிதான் குளுக்கோஸ், எனவே ஆறு கரண்டி அதிகமில்லை. 'ஒரு பிடி, ஒரு சிட்டிகை' அளவை நான் பரிந்துரைப்பதில்லை, பிடி ஆளுக்கு ஆள் மாறும். கொடுக்கும் முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கீழே ஊற்றிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

குழந்தை குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ, கண்கள் குழி விழுந்தாலோ, சிறுநீர் கழித்துப் பல மணி நேரம் ஆகியிருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ கரைசலைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அவளால் விழுங்க முடிந்தால், போகிற வழியிலும் வாய் வாயாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.