பழைய எஸ்டி கல்யாண வீடியோவையும் புது எச்டி வீடியோவையும் ஒரே டைம்லைனில் வைத்து எடிட் செய்வது எப்படி?

தாராளமாகக் கலக்கலாம். டைம்லைனை, அதாவது எடிட்டிங் மென்பொருளில் துண்டுகளை வரிசையாக வைக்கும் இடத்தை, எச்டியில் வையுங்கள், எஸ்டியை அதற்குள் கொண்டுவாருங்கள். ஆனால் கொண்டுவருவதற்கு முன்னாலேயே இன்டர்லேஸை (ஒரு ஃபிரேமை இரண்டு பாதிக் கோடுகளாகப் பிரித்து வைக்கிற பழைய முறை) எடுத்துவிடுங்கள், அப்புறம் என்ன ஆனாலும் படத்தை அகலமாக இழுக்காதீர்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். இந்த இரண்டையும் செய்யாமல் நான் மாட்டிக்கொண்டதால்தான் மீதியை எழுதுகிறேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பதும் எடிட் செய்வதும்தான் நமக்குத் தொழில். சில வருடம் முன்னால் அந்தியூருக்கு அருகில் ஒரு வரவேற்பு. மாப்பிள்ளையின் அப்பா அம்மா கல்யாணம் 1997இல் நடந்தது, கேசட்டில் எடுத்து, பிறகு யாரோ டிவிடியாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து இணைச்சீர், தாலி கட்டு, பந்தி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, புது ஜோடியின் அவுட்டோர் வீடியோவோடு கோத்து பெரிய எல்இடி திரையில் போட வேண்டும். நேரமில்லை, டிவிடியை அப்படியே டைம்லைனில் இழுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் கறுப்பு தெரிகிறதே என்று அகலத்தை இழுத்து நிரப்பிவிட்டேன். லேப்டாப்பில் சின்ன ஜன்னலில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டடி எல்இடியில் ஓடியபோது, கை அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு. அது போதாதென்று, நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் ஆத்தா, அதாவது பாட்டி, வந்து மெதுவாகக் கேட்டார்: “ஏங்கண்ணு, எங்கூட்டுக்காரரு இத்தன பருமனாவா இருந்தாரு? ஒல்லி ஆளு கண்ணு அவரு.” அப்பாரு, அதாவது மாப்பிள்ளையின் தாத்தா, இறந்து பல வருடமாகியிருந்தது. அந்த ஆத்தா அவரை ஓடுகிற படமாகப் பார்க்க இருந்தது அந்த டிவிடி ஒன்றுதான்.

4:3 படத்தை (பழைய டிவி வடிவம்) 16:9க்கு (இன்றைய அகலத் திரை) இழுத்தால் ஆள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடுவார். ஒல்லி மனிதருக்குத் தொப்பை வந்தது அப்படித்தான்.

இப்போது கணக்கு. நம் ஊரில் பழையதெல்லாம் பால் (PAL) என்கிற டிவி முறை: 720க்கு 576 புள்ளி. எச்டி 1920க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், எச்டியில் சரியாக ஐந்து மடங்கு புள்ளி இருக்கிறது. அதாவது உங்கள் டைம்லைனில் பழைய படம் தெரியும்போது பெரும்பகுதிப் புள்ளியை மென்பொருள்தான் ஊகித்து நிரப்புகிறது. அதனால் எஸ்டி மங்கலாகத்தான் இருக்கும், அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஷார்ப்னஸைக் கூட்டினால் ஓரத்தில் வெள்ளைக் கோடுதான் வரும்.

இன்னொன்று, பழைய படத்தில் பிக்சல், அதாவது அந்தப் புள்ளி, சதுரம் இல்லை. 720 அகலத்தை 768 ஆக விரித்தால்தான் ஏறக்குறைய சரியான 4:3 வரும். மென்பொருளில் அந்த கிளிப்பின் பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ (புள்ளியின் அகல உயர விகிதம்) பால் 4:3 என்று இருக்கிறதா என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள், பல நேரம் சதுர பிக்சல் என்று தப்பாக எடுத்துக்கொள்ளும். சரியாக இருந்தால் 1080 உயரத்துக்குப் பெரிதாக்கும்போது படம் 1440 அகலத்தில் நிற்கும், இரண்டு பக்கமும் 240 புள்ளி காலி. அந்தக் காலி இடத்தில் அதே வீடியோவை மங்கலாக்கிப் பெரிதாகப் போடுவதுதான் இப்போது எல்லாரும் செய்வது. எனக்குப் பிடிக்காது, ஓரத்தில் ஏதோ அசைந்துகொண்டே இருந்தால் கண் அங்கேதான் போகும். நான் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிற பார்டர் டிசைனை இருண்ட நிறத்தில் அசையாமல் வைப்பேன். படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டி நிரப்பலாமே என்று கேட்பார்கள். உயரத்தில் கால் பங்கு போய்விடும், கேசட் காலத்தில் குளோசப்பில் தலையை மேல் விளிம்பு ஒட்டி வைத்திருப்பார்கள், முதலில் போவது தலைப்பாகைதான்.

இனி முக்கியமானது, இன்டர்லேஸ். பாலில் நொடிக்கு 25 ஃபிரேம், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டு, ஒற்றைப்படைக் கோடு ஒன்று, இரட்டைப்படைக் கோடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே நொடியில் 50இல் ஒரு பங்கு வித்தியாசம். அதற்குள் கை நகர்ந்துவிடும். பழைய டியூப் டிவி அந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியதால் தெரியவில்லை, எல்இடி இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால் சீப்பு வருகிறது. பிரிக்காமல் 576ஐ 1080க்குப் பெரிதாக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும், அதற்கப்புறம் யார் வந்தாலும் பிரிக்க முடியாது. அதனால் முதலில் பிரிப்பது, அப்புறம் பெரிதாக்குவது. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

பிரிப்பதற்குக் காசு செலவில்லை. ஹேண்ட்பிரேக் என்கிற மென்பொருளில் பிடபிள்யூடிஃப் என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது, அவசரத்துக்கு அது போதும். பொறுமை இருந்தால் அவிசிந்த் என்கிற மென்பொருளில் க்யூடிஜிஎம்சி, நான் பார்த்ததில் அதுதான் சுத்தம், ஆனால் மெதுவாக ஓடும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். 50 ஃபீல்டையும் 50 ஃபிரேமாக எடுக்கிற வழியைத் தேர்ந்தெடுத்தால் அசைவு பழையபடியே வழுக்கிக்கொண்டு போகும். எடுத்த பிறகு படம் முன்னும் பின்னும் துடிக்கிற மாதிரி இருந்தால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். மினிடிவி (MiniDV) என்கிற சின்ன டிஜிட்டல் டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில், டிவிடியில் எப்படியும் இருக்கலாம், ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு முழுதாகப் போடுங்கள்.

கேசட்டிலிருந்து வந்த படமாக இருந்தால் அடியில் சில வரி கிழிந்து ஆடும். டியூப் டிவி அந்த ஓரத்தை மறைத்துவிடும், இப்போது பளிச்சென்று தெரியும், வெட்டிவிடுங்கள். நிறக் கணக்கு முறை எஸ்டிக்கு ரெக் 601, எச்டிக்கு ரெக் 709. பெரும்பாலும் மென்பொருளே மாற்றிக்கொள்ளும், பட்டுச்சேலைச் சிவப்பு மாறித் தெரிந்தால் மட்டும் அங்கே போய்ப் பாருங்கள்.

ஏஐ வைத்துப் பெரிதாக்கலாமா என்றால், மண்டபம், பந்தல், கார் இதற்கெல்லாம் நன்றாகவே வருகிறது. தூரத்தில் நிற்கிற சின்ன முகத்துக்கு வேண்டாம், இல்லாத கண்ணையும் மூக்கையும் அதுவாக வரைந்துவிடும். இறந்துபோனவர் முகத்தில் நான் அதைத் தொடுவதே இல்லை.

ஆதாரமாக என்ன கிடைக்கிறது என்பதிலும் கறாராக இருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த துண்டை வைத்து ஆரம்பிக்காதீர்கள், டிஸ்க்கையே கேட்டு வாங்கி, அதில் வீடியோ இருக்கிற விஓபி ஃபைலைக் காப்பி செய்யுங்கள். மினிடிவி டேப் என்றால் ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரும், வரட்டும். புது வீடியோவை நீங்களே எடுப்பதாக இருந்தால் கேமராவை 25 அல்லது 50 ஃபிரேமில் வையுங்கள். 24, 30 என்று வைத்தால் பழையதோடு சேர்க்கும்போது தடுக்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/50 நொடியில் இருந்தால் மண்டபத்து விளக்கும் துடிக்காது.

அந்த ஆத்தாவுக்கு அடுத்த வாரமே சரியாகச் செய்து, 1440 அகலத்தில் நிறுத்தி, பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர் வீட்டு டிவியில் ரிமோட்டை அமுக்கி எதையும் அகலமாக இழுத்துக் காட்டுகிற மாதிரி பேரன் வைத்திருந்தான். ஆனால் ஓரத்துக் காலி இடத்தையும் சேர்த்து 16:9 ஆகவே எக்ஸ்போர்ட் செய்திருந்ததால் டிவிக்கு இழுக்க ஒன்றும் மிச்சமில்லை. அப்பாரு ஒல்லியாகவே வந்தார்.