கிராமத்தில் சொந்த மனையில் வீடு கட்ட ஊராட்சி அனுமதி கட்டாயமா? எளிதாகக் கிடைக்குமா?

கட்டாயம். இதில் பேச ஒன்றும் இல்லை. கிராம ஊராட்சி எல்லைக்குள் கட்டும் வீட்டுக்கு ஊராட்சியின் அனுமதி வேண்டும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நகரத்தோடு சேர்த்துக் கிராமத்தையும் கட்டுப்படுத்துகின்றன. "எங்கள் ஊரில் யாருமே வாங்கியதில்லை, நன்றாகத்தான் குடியிருக்கிறார்கள்" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அந்த நாலு பேரில் வீட்டுக்கு வங்கிக் கடன் வாங்கியவர் யார் என்று மட்டும் கேளுங்கள்.

எளிதாகக் கிடைக்குமா என்றால், அனுமதி எளிது, நிலம்தான் கஷ்டம். உங்கள் கேள்வியைப் பார்த்தால் வெளியூரில் வேலை, அப்பா பெயரில் ஊரில் மனை, லீவில் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் என்று தோன்றுகிறது. நானும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு, தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம் பக்கம் உள்ள எங்கள் ஊரில் வீடு கட்டியவன்தான். ஊர்ப் பெயர் வேண்டாம். சித்தப்பா பேரன்கள் இதையெல்லாம் படிக்கிறார்கள்.

2022-ல் விண்ணப்பத்தோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் நல்ல மனிதர். தாளை வாங்கிப் புரட்டிவிட்டு, "அண்ணாச்சி, நம் ஊரில் யார் பிளான் வாங்குகிறார்கள்? பேசாமல் வானம் தோண்டுங்கள்" என்றார். லோன் என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பதிவு பெற்ற பொறியாளர் போட்ட வரைபடம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தவர் பட்டாவில் வந்து விரலை வைத்தார். அது கூட்டுப் பட்டா. அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் சேர்ந்து இருந்தன. 1991-ல் பாகப்பிரிவினை பதிவாகிவிட்டது. வடபுறம் எங்களுக்கு, தென்புறம் அவர்களுக்கு. ஆனால் பட்டாவைப் பிரிக்க அதற்குப் பிறகு வீட்டில் யாரும் தாலுகா அலுவலகத்துப் படி ஏறவில்லை. உங்கள் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டாவைத் தனியாகப் பிரிக்கும் உட்பிரிவுக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்து பணம் கட்டினால் ஒருநாள் சர்வேயர் வருவார். எங்களுக்கு வந்தவர் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துத் தெற்கே நடக்கச் சொன்னார். சித்தியின் கோழிக்கூண்டு குறுக்கே நின்றது. கூண்டின் பின்கால்கள் எங்கள் பக்கம் இரண்டடி உள்ளே இருந்தன. உள்ளே ஒரு அடைகோழி. கூண்டை நகர்த்தக் கூடாது என்று சித்தி வாசலில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா என்னைப் பார்க்காமல் சர்வேயரைப் பார்த்து, "இவன் அப்பா எனக்கு அளந்துதான் சோறு போட்டாரா? இப்போது இவன் டேப் பிடிக்கிறான்" என்றார். சர்வேயர் இதைப்போல எத்தனை பார்த்திருப்பாரோ, டேப்பைக் கூண்டுக்கு மேலே தூக்கிப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டார்.

பத்திரத்தில் எங்கள் பங்கு 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி. புதுப் பட்டாவில் வந்தது 198 சதுர மீட்டர், ஏறக்குறைய 2,131 சதுர அடி. எந்த அளவு குறைவோ அதை வைத்துத்தான் வரைபடம் போட வேண்டும் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். படிக்கட்டு உள்ளே வந்தது, பூஜை அறை அலமாரியாகச் சுருங்கியது. அந்த 47 சதுர அடிக்காகச் சண்டை போட்டிருக்க வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். போட்டிருந்தால் இன்றும் வழக்குதான் நடந்துகொண்டிருக்கும், வீடு இருக்காது. சித்தப்பாவும் மகன் கல்யாணத்துக்கு என்னை அழைத்திருக்க மாட்டார்.

பட்டா தனியாக வந்த பிறகு ஊராட்சியில் எந்தத் தடங்கலும் இல்லை. 2021 அக்டோபர் தேர்தலில் வந்த தலைவர், ஒன்றிய அலுவலகப் பொறியாளர் பார்த்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டணமும் கட்டடத் தொழிலாளர் நல நிதியும் கட்டி ரசீது வாங்கினேன். நல நிதி கட்டுமானச் செலவில் 1 சதவீதம்; 10 லட்சத்துக்குள் கட்டும் சொந்தக் குடியிருப்புக்கு அது கிடையாது. மழைநீர் சேகரிப்புத் தொட்டி வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள்.

பணம் கொடுக்காமல் நடந்ததா என்பதுதானே அடுத்த கேள்வி? எந்த மேஜையிலும் நான் கொடுக்கவில்லை. பொறியாளருக்குக் கொடுத்த தொகைக்குள் என்னென்ன அடங்கியிருந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2024 ஜூலையில் அரசு சுயசான்றிதழ் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல்தளமும் என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனடியாக அனுமதி வந்துவிடும், முன்கூட்டியே யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். இதைக் கேட்டதும் "இனி அலைச்சலே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இணையதளம் சித்தியின் கோழிக்கூண்டை நகர்த்தாது. நீங்கள் ஏற்றுகிற பட்டா சரியாக இருந்தால்தான் எல்லாம். தவறான விவரத்துக்குப் பொறுப்பு உங்கள் தலையில்.

உங்களுடையது ஊர்க் குடியிருப்புப் பகுதியான நத்தம் மனையாக இல்லாமல், விவசாய நிலத்தைப் பிரித்து விற்ற மனை என்றால் வேறு கதை. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் பத்திரப்பதிவு 2016 அக்டோபர் 20-க்கு முந்தையதா என்பது முக்கியம்; அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் அந்தத் தேதியைத்தான் வரம்பாக வைத்தது.

சரி, அனுமதி கிடைத்தது, கடன்? அங்கே வேறொரு கூத்து. வங்கியின் வழக்கறிஞர் இளைஞர், வேறு மாவட்டத்துக்காரர். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், இடையில் ஒரு ஆவணத்தில் திருநெல்வேலி மாவட்டம், பட்டாவில் தென்காசி மாவட்டம். மூன்றும் ஒரே மனைதானா என்று விளக்கம் கேட்டார். நெல்லை கட்டபொம்மன் என்ற பெயர் தொண்ணூறுகளில் திருநெல்வேலி என்று மாறியதையும் 2019-ல் தென்காசி பிரிந்ததையும் நான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெயர்கள் எதையும் நாங்கள் கேட்டு வாங்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. கையெழுத்துப் போடும் நாளில் மேலாளர் ஒரு காப்பீட்டுப் பாலிசியை நீட்டினார். கடனோடு சேர்த்து எடுக்க வேண்டும், பிரீமியத்தையும் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்றார். கட்டாயமா என்று கேட்டால் கட்டாயம் இல்லை என்பார். கோப்பு மட்டும் நகராது. கட்டாயம் என்று எழுதிக் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டேன். எழுதித் தரவில்லை, இரண்டு வாரத்தில் கடன் மட்டும் வந்தது. அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை, அவருக்கு மேலே யாரோ இலக்கு வைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் அதே கிளையில் கடன் வாங்கிய மூன்று குடும்பங்கள் என்ன பாலிசி என்றே தெரியாமல் இன்னும் மாதாமாதம் அதற்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கின்றன.

லீவு போடுவதற்கு முன்னால் உங்கள் பட்டாவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். அப்பா பெயர் மட்டும் இருந்தால் பொறியாளரை அழையுங்கள். வேறு யாராவது பெயரும் சேர்ந்திருந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள், டேப்பை அப்புறம் எடுக்கலாம்.