யூரிக் ஆசிட் 8.1, பிரஷர் 150/90: அலோபியூரினால் போட்டால் பிரஷர் இறங்குமா?

பிரஷருக்காக அலோபியூரினால் (யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரை) ஆரம்பிக்காதீங்க. யூரிக் ஆசிட்டால் வர்ற மூட்டு வலியும் இல்லை, சிறுநீரகக் கல்லும் இல்லைன்னா அது பெரும்பாலும் தேவைப்படாது.

யூரிக் ஆசிட் கூடினா ரத்தக்குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு குறையும், குழாய் சரியா விரியாது. அதனால யூரிக் ஆசிட்டுக்கும் பிரஷருக்கும் தொடர்பு உண்டுன்னு நீங்க படிச்சது சரிதான். 2008-ல் வந்த ஓர் ஆய்வில், புதுசா பிரஷர் வந்த பதின்வயதினருக்கு அலோபியூரினால் கொடுத்தப்போ பிரஷர் இறங்கியது. பெரியவங்ககிட்ட அந்த அளவுக்குப் பலன் கிடைக்கலை.

எனக்குச் சந்தேகம் வேற இடத்துல. பிரஷர் மாத்திரை மாத்தின பிறகுதான் யூரிக் ஆசிட் ஏறினதா எழுதியிருக்கீங்க. அட்டையைத் திருப்பிப் பாருங்க, ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் இருக்கா? (பேரோட கடைசியில் 'எச்' ஒட்டியிருந்தா அநேகமா முதல் ஆள்தான்.) இந்த நீர் மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏத்தும்.

இருந்தா, லோசார்டான்ங்கிற பிரஷர் மாத்திரைக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அது பிரஷரோட யூரிக் ஆசிட்டையும் கொஞ்சம் இறக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினும் ஒருதடவை பார்த்துடுங்க. சிறுநீரகம் மந்தமானாலும் பிரஷர், யூரிக் ஆசிட் ரெண்டும் சேர்ந்து ஏறும்.

டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் இப்போ போடுற மாத்திரையை நீங்களா நிறுத்த வேண்டாம்.